மஞ்சள் தாளில் சிவப்புக் கோலம்

கிருஷ்ணகிரியில், கோடை விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகளுக்காக மஞ்சள்தூளை நீரில் குழைத்துத் தாளில் பூசியபோது, அது காய்ந்ததும் பொடியாக உதிர்ந்தது. அதன்மேல் சமையல் சோடாக் கரைசலால் இட்ட கோலமும் மங்கிய பழுப்பாகவே தெரிந்தது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் எளிதில் கரையாது, ஆல்கஹாலில் கரையும் என்பதால், ஆல்கஹால் கலந்த, நீர்போல் ஓடும் சானிட்டைசரில் தூளைக் கலக்கித் தெளிய வைத்து, மேலாக நின்ற தெளிவை மட்டும் பஞ்சால் தொட்டுத் தடவி, வெயிலில் நிறம் வெளுத்துவிடுமென்று நிழலில் உலர்த்தினேன். (அடுப்பருகே இதைச் செய்யக் கூடாது, சானிட்டைசர் சட்டெனத் தீப்பற்றும்.) காரம் பட்டால் குர்குமின் சிவக்கும் என்பதால், சமையல் சோடாவைவிடக் காரத்தன்மை மிகுந்த துணி சோப்பைக் கரைத்து, அதில் ஈர்க்குச்சியைத் தோய்த்து இழுத்தவுடன் கோடு செங்காவி நிறத்தில் எழுந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு இன்னும் அழுத்தமான சிவப்பைத் தரும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் மாங்காய்க்கா பஞ்சம்? புளிப்பான காயின் துண்டொன்றை ஈரக் கோட்டின்மேல் தேய்த்தால், அதன் அமிலம் காரத்தை முறித்து, சிவப்பு மீண்டும் மஞ்சளாகிவிடுகிறது. வரைவதைவிட இப்படி அழிப்பதையே பிள்ளைகள் விரும்பினார்கள்.