காலண்டர் அட்டையில் ஒரு பழைய ஆல்பம்

கையால் செய்கிற புகைப்பட ஆல்பத்துக்குப் பழமைத் தோற்றம் கொடுக்க, அட்டை முழுக்க உப்புத்தாளால் தேய்த்து, மேலே பழுப்பு மையை அப்பிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அது அழுக்கு அட்டை மாதிரிதான் நிற்கும். ஒரு பொருளில் கை படுகிற இடம் தேயும், தரையில் இடிக்கிற மூலை உடையும், வெயில் படுகிற பக்கம் வெளிறும். மற்ற இடம் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. கொண்டியைச் சுற்றிலும் பெயின்ட் போய்த் தகரம் தெரிகிறது, மூலைகளில் துரு. மூடியின் உட்பக்கமோ இன்றைக்கும் பளிச்சென்ற பச்சை. ஸ்கிராப்புக்கில், அதாவது படங்களை ஒட்டி அலங்கரிக்கிற இந்த ஆல்பத்தில், கை வைக்கும் முன் இப்படி ஒரு பழைய பொருளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். எங்கே தேய்க்க வேண்டும், எங்கே தொடவே கூடாது என்பது தானாகப் பிடிபடும்.

சொந்தக்காரர்களுக்கு நான் அதிகம் செய்து கொடுப்பது அறுபதாம் கல்யாண ஆல்பம். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அட்டை. பைண்டிங் கடைகளில் கிரே போர்டு, மில் போர்டு என்று கேட்டால் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை போய்வரலாம். மேலட்டைக்கு 2 மி.மீ. தடிமன், உள்பக்கங்களுக்கு 1 மி.மீ. போதும். வாங்கவே வேண்டாம் என்றால் தினசரி காலண்டரின் அட்டை இருக்கிறது. ஜனவரியில் எல்லார் வீட்டிலும் குப்பைக்குப் போகிற அந்த அட்டை, பழைய காகிதக் கூழில் செய்த நல்ல கெட்டியான போர்டு. தாள் கட்டைப் பிடித்திருக்கும் பின்னைக் குறடால் பிடுங்கிவிடுங்கள். சாமி படம் அச்சடித்த பக்கம் வழவழப்பாக இருப்பதால் பசை பிடிக்காது. 120 நம்பர் உப்புத்தாளால் அந்த மினுமினுப்பு போகும்வரை தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சாமி படத்தைத் தேய்க்க மனசு வரவில்லை என்றால் படத்தைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டு, அது இல்லாத பகுதியைப் பயன்படுத்தலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சட்டைப் பெட்டியின் அட்டை, நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை இரண்டையும் சேர்த்து வையுங்கள். எழுத்து வெட்ட அவை வேண்டும்.

வெட்டுவதற்கு முன் அட்டையை இரண்டு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு வாக்கில் சுலபமாக வளையும், மறு வாக்கில் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளைகிற வாக்கின் மடிப்பு, ஆல்பத்தின் முதுகுக்கு இணையாக வர வேண்டும். இதைக் கவனிக்காமல் வெட்டினால் மழைக்காலத்தில் மேலட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரால் ஒரே கோட்டில் லேசாகப் பல தடவை இழுங்கள். ஒரே வெட்டில் அறுக்கப் பார்த்தால் பிளேடு வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும்.

அடுத்து எழுத்து. ஆங்கில எழுத்துகள் வெட்டிய அட்டை கைவினைக் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ‘அப்பா அம்மா’ என்று வைக்க வேண்டுமானால் நாமேதான் வெட்ட வேண்டும். தமிழ் எழுத்தில் வளைவு அதிகம், அதனால் 2 மி.மீ. அட்டையில் கட்டரை வளைத்து வளைத்து இழுப்பது பெரும்பாடு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. தடித்த எழுத்துருவில் பெரிதாக அச்செடுத்து, சட்டைப் பெட்டி அட்டையின் மேல் ஒட்டிக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அதையே அச்சாக வைத்து வரைந்து இன்னும் இரண்டு வெட்டுங்கள். மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால், காய்ந்ததும் ஒரே கெட்டி எழுத்து. ஓரங்களில் துருத்துவதை 220 நம்பர் உப்புத்தாள் சமன் செய்துவிடும். ‘அ’வின் சுழிக்குள் இருக்கும் ஓட்டையைப் பஞ்சிங் மெஷினால் குத்திவிட்டு அங்கிருந்து விரித்து வெட்டுங்கள். பஞ்சிங் மெஷினில் விழும் வட்டத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ‘ம்’முக்குப் புள்ளி அதுதான். ‘60’ என்ற எண்ணையும் இப்படியே செய்யலாம்.

இனிமேல்தான் பழமை ஏற்றுகிற வேலை. எல்லா முறையையும் ஒரே ஆல்பத்தில் காட்ட வேண்டாம், இரண்டு போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது மெழுகுவர்த்தி முறை. எழுத்தின் மேல் அடர் பழுப்பு அக்ரிலிக் பெயின்ட் பூசி நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் ஓரங்களிலும் முனைகளிலும் மட்டும் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து, அதன் மேல் முழுவதும் வெளிர் நிறம் பூசுங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளின் பழைய கதவு நிறமான மங்கிய நீலம் இதற்கு அருமையாக வரும். அது காய்ந்த பிறகு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால், மெழுகு இருந்த இடத்தில் மட்டும் மேல் நிறம் உரிந்து அடியிலிருக்கும் பழுப்பு தெரியும். எங்கே உரிய வேண்டும் என்பதை மெழுகு வைக்கும்போதே நீங்கள் தீர்மானித்துவிடுவதால் இதை நம்பி இறங்கலாம்.

வெடிப்பு வேண்டுமானால் வெள்ளை ஃபெவிகால் போதும். அடியில் அடர் நிறம் பூசிக் காயவைத்து, மேலே ஃபெவிகாலைத் தடவுங்கள். அது முழுக்கக் காய்வதற்குள், விரலில் ஒட்டுகிற பதத்தில், வெளிர் நிற அக்ரிலிக்கை ஒரே இழுப்பாகப் பூசுங்கள். பூசிய இடத்தில் மறுபடி தூரிகை படக்கூடாது. காயக் காய வெடிப்பு விடும். பசை கனமாக இருந்தால் பெரிய வெடிப்பு, மெல்லிசாக இருந்தால் நுண்ணிய வெடிப்பு. இதை மேலட்டையின் ஒரு மூலையிலோ ‘60’ மேலோ மட்டும் செய்யுங்கள்.

உரிப்பது இன்னும் சுலபம். அட்டையின் மூலையை ஈரத் துணியால் ஒற்றி ஒரு நிமிடம் விட்டு, மேல் அடுக்கை நகத்தால் கிளப்பி இழுத்தால் உள்ளே சொரசொரப்பான சாம்பல் நிறம் தெரியும். புரட்டும்போது கட்டைவிரல் படுகிற வலது கீழ் மூலையில் கொஞ்சம் அதிகமாகவும் மற்ற மூலைகளில் பெயருக்கும் உரித்தால் போதும்.

ஓரங்களைப் பழுப்பாக்கும் மைக்கு ஸ்டாம்ப் பேட் வேண்டும். சாதாரணக் கடையில் ஊதாவும் கறுப்பும்தான் இருக்கும், இரண்டும் இதற்குச் சரிவராது. ரேஞ்சர் நிறுவனம் டிம் ஹோல்ட்ஸ் என்ற கைவினைக் கலைஞர் பெயரில் விற்கிற டிஸ்ட்ரெஸ் இங்க் இதற்கென்றே வந்தது. அதில் ‘வின்டேஜ் ஃபோட்டோ’ என்ற பழுப்பு ஒன்று வைத்திருந்தால் நிறைய வேலைக்கு ஆகும். தண்ணீர் பட்டால் கலைகிற மை அது. பூசிய பின் இரண்டு சொட்டு நீர் தெளித்து ஒற்றி எடுத்தால் அந்த இடம் வெளிறி, மழைத்துளி பட்ட பழைய காகிதம் கிடைக்கும். விலை கட்டுப்படி ஆகாதவர்கள் பழுப்பு அக்ரிலிக்கைத் தொட்டு, ஸ்பாஞ்சை வெறும் தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு மிச்சத்தை ஓரத்தில் தடவலாம். எதுவானாலும் ஸ்பாஞ்சை வெளியிலிருந்து உள்ளே வட்டமாகக் கொண்டுவர வேண்டும். நேரே அட்டையில் வைத்தால் திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

காபி டிகாஷனில் தாளை நனைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நனைத்ததை வெயிலில் முறுகக் காயவைத்த பிறகே ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அரைகுறையாகக் காய்ந்த தாள் உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். பழைய புகைப்படத்தின் மேல் இந்த வித்தை எதையும் காட்டாதீர்கள். ஸ்டூடியோவில் கல்யாணத்தன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை 600 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து, மினுமினுப்பில்லாத மேட் தாளில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை ஒட்டுங்கள். பிரதியின் ஓரத்தை வேண்டுமானால் உப்புத்தாளால் தேயுங்கள், கிழியுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. மூலப் படத்தைச் சுருட்டாமல் அமிலமில்லாத உறையில் தனியாக வையுங்கள். இந்த அட்டைகளில் அமிலம் இருக்கிறது, டிகாஷனிலும் இருக்கிறது. வருஷக்கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்தால் படம் மஞ்சளாகும். பிரதிக்குமே அடியில் அமிலமில்லாத தாள் ஒன்று கொடுத்து, படத்தின் மூலைகளைப் பிடித்துக்கொள்கிற ஃபோட்டோ கார்னரில் செருகுவது நல்லது. நம் தாத்தா காலத்துக் கறுப்புப் பக்க ஆல்பங்களில் படங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தன. இடையில் பட்டர் பேப்பரும் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலட்டையில் வெளிப்பக்கம் தாள் ஒட்டினால் உட்பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது அட்டையை அந்தப் பக்கமாக இழுத்துவிடும். ஃபெவிகாலைக் கொஞ்சம் நீர்க்கவிட்டு மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். ராத்திரி முழுக்கக் கனத்துக்கு அடியில் இருக்கட்டும்.

கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கெட்டி எழுத்துகள் புடைத்து நிற்பதால் ஆல்பம் மூடாமல் வாயைப் பிளக்கும். அதற்கு, ஓர் அங்குல அகலத்தில் அட்டைப் பட்டைகள் வெட்டி ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையே முதுகோரமாக வையுங்கள். 2 மி.மீ. அட்டையில் பஞ்சிங் மெஷின் இறங்காது. குத்தூசியால் துளைக்கலாம், அல்லது பைண்டிங் கடையில் கொடுத்தால் எல்லாப் பக்கத்தையும் அடுக்கி டிரில் போட்டுத் தருவார்கள். பிறகு சணல் கயிறு கோத்து முடிச்சுப் போடுங்கள். கொஞ்சம் தளர்வாகவே போடுங்கள், படங்கள் ஒட்டிய பிறகு பக்கங்களுக்கு இடம் வேண்டும்.