பழைய கடிதம் எந்த வழியாக வந்தது? தபால் முத்திரைகளைப் படிக்கும் முறை

பரணில் பழைய கடிதக் கட்டு கிடைத்தால் எல்லோரும் முதலில் உள்ளே இருப்பதைப் படிப்பார்கள். கவர் ஓரமாகப் போய்விடும், பிறகு குப்பைக்கு. தயவுசெய்து கவரைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதம் எங்கே புறப்பட்டது, யார் கைக்கெல்லாம் போனது, எத்தனை நாள் வழியில் இருந்தது என்பதெல்லாம் அதன் மேல்தான் பதிந்திருக்கிறது. ஸ்டாம்பை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டவும் வேண்டாம். பாதி முத்திரை அதோடு போய்விடும், மீதியை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுப்பது நல்லது. மங்கிய முத்திரையைப் போனில் பெரிதாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டினால் பல எழுத்துகள் தெரியும். கவரை நனைக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள்.

அடுத்து முன்பக்கம். ஸ்டாம்பின் மேல் விழுந்திருப்பது பெரும்பாலும் புறப்பட்ட ஊரின் முத்திரை. வட்டத்தின் விளிம்பில் ஊர்ப்பெயர், நடுவில் தேதி, சிலவற்றில் மணியும் இருக்கும். ஊர்ப்பெயர்கள் வெள்ளைக்காரர் எழுதிய விதத்தில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். டாஞ்சூர், டிரிச்சினாப்பொலி, காஞ்சீவரம் என்று மனதில் வைத்துக்கொண்டு தேடினால் சீக்கிரம் பிடிபடும்.

வருடம் அழிந்திருந்தால் மற்ற அடையாளங்கள் உண்டு. ஸ்டாம்பில் அணா என்றிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. இன்லேண்ட் லெட்டர் என்றால் 1950க்குப் பிந்தியது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன்னால் எழுதியிருக்க வாய்ப்பில்லை. தி.நகர் முகவரியில் வெறுமனே ‘மதராஸ்-17’ என்றிருந்தால் அது பழைய வழக்கம்.

இப்போது கவரைத் திருப்புங்கள். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். வந்து சேர்ந்த தபால் ஆபீஸ்கள் இங்கேதான் முத்திரை குத்தும். ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துகள் தெரிந்தால் ரயில்வே தபால் பிரிவு அதைக் கையாண்டிருக்கிறது. ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரித்தவர்கள் அவர்கள்.

என்னிடம் உள்ள ஒரு கவரை வைத்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மயிலாப்பூர் முகவரிக்கு வந்தது. முன்னால் 1938 ஜூன் 14. பின்னால் மயிலாப்பூர், ஜூன் 16. முன்பக்க முகவரியை வேறு மையில் அடித்து, செங்கல்பட்டு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர் முத்திரையில் ஜூன் 17. தேதிப்படி வரிசைப்படுத்தினால் மூன்று ஊர். நடுவில் என்ன நடந்தது? அந்தக் காலத்தில் இலங்கைத் தபால் தலைமன்னார் வரை ரயிலில் வந்து, கப்பலில் தனுஷ்கோடிக்குக் கடந்து, அங்கிருந்து போட் மெயிலில் எழும்பூர் வரும். அந்த ரயில் செங்கல்பட்டைத் தாண்டித்தான் எழும்பூருக்கு வர வேண்டும். ஆக, கடிதம் தன் கடைசி ஊரை மூட்டைக்குள் இருந்தபடியே கடந்து மயிலாப்பூர் போய், ஆள் அங்கே இல்லை என்று தெரிந்து, வந்த வழியே திரும்பியிருக்கிறது. முத்திரை மட்டும் இதைச் சொல்லாது. ரயில் பாதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தேதிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் காரணம் தேடுங்கள். உலகப்போர்க் காலக் கவரில் ஓரத்தைப் பிரித்து, அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தால் தணிக்கைக்குப் போயிருக்கிறது. பர்மாவில் உறவினர் இருந்த குடும்பம் என்றால் 1942 மார்ச்சைக் கவனியுங்கள். ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தது அப்போதுதான், சாதாரண தபால் போக்குவரத்து நின்றுபோனது. வெளிநாட்டுக் கடிதத்தில் ‘T’ என்ற ஆங்கில எழுத்து தனியாகக் குத்தியிருந்தால் ஸ்டாம்ப் போதவில்லை, வாங்கியவர் காசு கட்டியிருப்பார்.

சந்தேகம் வந்தால் அண்ணா சாலை தலைமை தபால் நிலையத்தில் உள்ள ஸ்டாம்ப் சேகரிப்போர் பிரிவில் கேட்கலாம், அங்கே வரும் சேகரிப்பாளர்களுக்கு முத்திரைகள் அத்துப்படி. பழைய செய்தித்தாள்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் விசாரியுங்கள். புயல், ரயில் நிறுத்தம் போன்ற செய்திகள் தாமதத்துக்குக் காரணம் சொல்லும்.

கடைசியாக, ஒரு தனித்தாளில் தேதி, ஊர், போன வழி என்று வரிசையாக எழுதுங்கள். முத்திரையில் தெளிவாகத் தெரிவதைப் பேனாவிலும், நீங்களாக ஊகித்ததைப் பென்சிலிலும் எழுதினால் இரண்டும் கலக்காது. கவரில் எதுவும் எழுத வேண்டாம். தாளையும் கவரையும் ஒரே உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.