குறைந்த செலவில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: தேர்வு முதல் சோதனை வரை

வீட்டுக் கணினியில் இடம் தீர்ந்துவிட்டால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்தான் மலிவான வழி. ஆனால் ஒரே கொள்ளளவு கொண்ட டிஸ்க்குகளின் விலை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: வேகத்துக்கும் அழகான உறைக்கும் போகும் பணத்தை இரண்டாவது டிஸ்க் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் படங்களும் ஆவணங்களும், அந்த டிஸ்க் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும், பாதுகாப்பாக இல்லை.

படி 1: எவ்வளவு இடம் தேவை என்று கணக்கிடுங்கள்

விண்டோஸில் உங்கள் பெயரில் உள்ள யூசர் ஃபோல்டரை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். மொத்த அளவு தெரியும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஸ்டோரேஜ். வீட்டில் உள்ள போன்களின் படங்களையும் வீடியோக்களையும் இதோடு சேருங்கள். இடத்தை அதிகம் விழுங்குவது வீடியோதான்: 4கே தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தால், போனின் செட்டிங்கைப் பொறுத்துச் சுமார் 170 எம்பி முதல் 400 எம்பி வரை ஆகும். ஒரு மணி நேரத்துக்கு 10 முதல் 24 ஜிபி.

இப்போதுள்ள அளவோடு நான்கு ஆண்டுகளில் சேரப்போவதைக் கூட்டி, 0.8ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இன்று 600 ஜிபி, ஆண்டுக்கு 150 ஜிபி சேரும் என்றால் மொத்தம் 1,200 ஜிபி. 0.8ஆல் வகுத்தால் 1,500 ஜிபி. எனவே 2 டிபி வாங்கினால் போதும். 0.8 எதற்கு? டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பினால் எழுதும் வேகம் குறையும், கோப்புகள் துண்டுதுண்டாகச் சிதறும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

பெட்டியில் 2 டிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் 1,000ஐ அடிப்படையாக வைத்து எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024ஐ வைத்து எண்ணுகிறது. 1 டிபி 931 ஜிபியாகவும், 4 டிபி 3.63 ஆகவும், 5 டிபி 4.54 ஆகவும் தெரியும். இதைவிடக் கணிசமாகக் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 2: எந்த வகை?

சேமித்து வைப்பதுதான் நோக்கம் என்றால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே போதும். சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி பல மடங்கு வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை கணிசமாக அதிகம். டிஸ்க்கிலிருந்தே நேரடியாக வீடியோ எடிட் செய்பவர்களுக்கும், தினமும் பையில் போட்டுக்கொண்டு அலைபவர்களுக்கும் எஸ்எஸ்டி சரி. மற்றவர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். இன்னொன்று: எஸ்எஸ்டியில் தகவல் மின்னேற்றமாகச் சேமிக்கப்படுகிறது. மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தால் அது மெல்லக் கசியக்கூடும். எடுத்து வைத்துவிட்டு எப்போதாவது திறந்து பார்க்கும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க்தான் பொருத்தம்.

ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு அளவுகள் உண்டு. 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், கையடக்கமானது, பெரும்பாலும் 1 முதல் 5 டிபி வரை கிடைக்கும். 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், சத்தமும் சூடும் கொஞ்சம் கூடுதல். ஆனால் 8 டிபிக்கு மேல் போனால் ஒரு டிபிக்கு ஆகும் செலவு இதில்தான் பொதுவாகக் குறைவு. 5 டிபிக்குள் முடியும் தேவை என்றால் 2.5 அங்குலம் வாங்குங்கள். 3.5 அங்குலம் வாங்கினால் அடாப்டரின் மேல் டிஸ்க்கின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை மாற்றிச் செருகி போர்டு கருகிப்போவது அடிக்கடி நடக்கிறது.

பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறதா? அதைவிட மலிவான வழி வேறில்லை. உள்ளே சாட்டா என்ற வகை இணைப்புள்ள 2.5 அங்குல டிஸ்க் இருந்தால், சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் வெற்று உறை ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். டிஸ்க்கின் தடிமனை அளந்து பாருங்கள்: இந்த உறைகளில் பெரும்பாலானவை 7 மற்றும் 9.5 மில்லிமீட்டர் டிஸ்க்குகளுக்கானவை; 15 மில்லிமீட்டர் டிஸ்க் உள்ளே போகாது. பல ஆண்டுகள் உழைத்த டிஸ்க்கை இரண்டாவது பிரதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 3: விலையைச் சரியாக ஒப்பிடுங்கள்

விலையை டிபியால் வகுத்துப் பாருங்கள். 1 டிபி டிஸ்க்கின் மொத்த விலை குறைவாகத் தெரியும், ஆனால் ஒரு டிபிக்கான செலவில் பெரும்பாலும் அதுதான் அதிகம். உறை, மோட்டார், சர்க்யூட் போர்டு ஆகியவற்றின் செலவு சிறிய டிஸ்க்குக்கும் பெரிய டிஸ்க்குக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு டிபிக்கான செலவு சட்டென்று இறங்கும் அளவு எது என்று பார்த்து, அது உங்கள் தேவைக்கு அருகில் இருந்தால் அதை எடுங்கள். அதற்காக 2 டிபி தேவைக்கு 5 டிபி ஒன்றை வாங்க வேண்டாம். அதே பணத்தில் 2 டிபி இரண்டு வாங்க முடிந்தால் அதுவே நல்ல பேரம்.

பிராண்டுக்காக அதிகம் குழம்ப வேண்டாம். இன்று உலகில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். வேறு எந்தப் பெயர் உறையின் மேல் இருந்தாலும் உள்ளே இருப்பது இவர்களில் ஒருவருடைய டிஸ்க். உத்தரவாதக் காலத்தை ஒப்பிடுங்கள்: 2 ஆண்டு, 3 ஆண்டு என்று மாறும். அந்த உத்தரவாதம் டிஸ்க்கை மாற்றித் தரும். உள்ளிருந்த படங்களைத் திருப்பித் தராது.

பெட்டியில் எழுதப்படாத ஒரு விஷயம் உண்டு. 2 டிபிக்கு மேற்பட்ட 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. கூரையில் ஓட்டின் மேல் ஓடு படிவதுபோல, தகவல் தடங்கள் ஒன்றின் ஓரத்தின் மேல் இன்னொன்றாகப் படிந்திருக்கும். படிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். அதனால்தான் பெரிய காப்பி ஒன்று நொடிக்கு 120 எம்பி வேகத்தில் தொடங்கி, பாதி வழியில் 30 எம்பிக்கு விழுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள், விட்டால் முடித்துவிடும். பேக்கப்புக்கு இது பெரிய குறையே இல்லை. நாள் முழுக்க எழுதி அழிக்கும் வேலைக்கு மட்டும் எஸ்எம்ஆர் ஆகாது.

படி 4: போர்ட்டும் கேபிளும்

ஹார்ட் டிஸ்க்குக்கு யூஎஸ்பி 3.0 போதும். 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று எழுதியிருந்தாலும் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகமுள்ள அதே யூஎஸ்பிதான். 2.5 அங்குல டிஸ்க் எட்டுவது நொடிக்கு 100 முதல் 140 எம்பி. அதைவிட வேகமான இணைப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஆனால் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் 30 முதல் 40 எம்பியோடு நின்றுவிடும். 500 ஜிபி காப்பி செய்ய 4 மணி நேரம் போய்விடும். உள்ளே நீல நிறமுள்ள போர்ட் பெரும்பாலும் 3.0.

டிஸ்க் பக்கம் இரட்டைத் தலையுள்ள அகலமான மைக்ரோ-பி சாக்கெட் இருந்தால், பழைய போன் கேபிளும் அதன் ஒரு பாதியில் பொருந்தும், வேலையும் செய்யும். ஆனால் 2.0 வேகத்தில்தான். கூட வந்த குட்டையான கேபிளையே பயன்படுத்துங்கள்.

'டிக் டிக்' என்ற சத்தம், டிஸ்க் தோன்றித் தோன்றி மறைவது ஆகிய இரண்டுக்கும் முதல் சந்தேகம் மின்சாரப் பற்றாக்குறை. 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் அந்த நொடியில்தான் தேவை உச்சத்தில் இருக்கும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பிலிருந்து (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) கழற்றி, கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே தேவையான தகவல் இருக்கும்போது திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது சேதத்தைக் கூட்டும்.

படி 5: போலிகளைத் தவிர்க்க

கட்டைவிரல் அளவு உறையில் 16 டிபி, விலையோ ஒரு பென் டிரைவ் விலை. இப்படி வரும் விளம்பரங்கள் அத்தனையும் மோசடி. உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்று இருக்கும். அதன் கன்ட்ரோலரை, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் சிப்பை, மாற்றிப் பொய்யான அளவைக் காட்ட வைத்திருப்பார்கள். காப்பி ஆகும்போது எல்லாம் சரியாகவே தெரியும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும்; பிறகு திறந்தால் படம் திறக்காது. ஒரு டிபிக்கான விலை, பெயர் தெரிந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் கீழே இருந்தால் வாங்காதீர்கள்.

படி 6: வாங்கியதும் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பொருளைத் திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

முதலில் விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிவு செய்து வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ். புதிய டிஸ்க்கில் இயங்கிய நேரம் சில மணிக்குள் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது பழையது. 05, சி5, சி6 என்ற மூன்று எண்களின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 05 என்பது பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்கள் (தகவல் எழுதப்படும் சிறு பகுதிகள்), சி5 படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை, சி6 திருத்த முடியாதவை. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் இணைப்புக் கோளாறுதான், தட்டுகளில் பழுதில்லை.

அடுத்து எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற விண்டோஸ் மென்பொருள். டிஸ்க்கை முழுவதும் தற்காலிகக் கோப்புகளால் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். மேக்குக்கும் லினக்ஸுக்கும் எஃப்3 என்ற கருவி உண்டு. சராசரி 100 எம்பி வேகத்தில் 2 டிபி எழுத ஐந்தரை மணி நேரம், படிக்க இன்னொரு ஐந்தரை. இரவில் ஓடவிட்டுவிடுங்கள், கணினி தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை அணைக்க மறக்க வேண்டாம். முடிந்ததும் ஸ்மார்ட் விவரங்களை மீண்டும் பாருங்கள். அந்த மூன்று எண்களில் ஏதாவது ஒன்று ஏறியிருந்தாலும் தயங்காமல் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள்.

படி 7: ஃபார்மேட்

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் படி. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ். இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், எழுதாது. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது.

எக்ஸ்ஃபேட்டில் இரண்டு பலவீனங்கள் உண்டு. எழுதும் நடுவில் கேபிளைப் பிடுங்கினால் மற்ற இரண்டையும்விட எளிதில் பழுதாகும். சிறிய கோப்புகளும் இடத்தை வீணடிக்கும்: விண்டோஸ் பெரிய டிஸ்க்குக்கு இயல்பாகத் தரும் 128 கேபி அலகில் (ஒரு கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம்), 10 கேபி அளவுள்ள ஒரு லட்சம் கோப்புகள் சுமார் 12 ஜிபி பிடிக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் அவை 1.2 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

படி 8: பயன்பாடு

இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே நேரத்தில் செருகி வைக்காதீர்கள். மின்னழுத்தம் எகிறினாலோ, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலோ இரண்டும் சேர்ந்து போகும். ஒன்று வாரந்தோறும் காப்பி எடுக்க. மற்றது மாதம் ஒருமுறை எடுத்துவிட்டு, முடிந்தால் உறவினர் வீட்டில் வைக்க. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின் இரண்டும் இலவசமாகவே இந்த வேலையைச் செய்யும்.

கழற்றும்முன் எஜெக்ட் கொடுத்து, சுழற்சி நிற்கும்வரை சில நொடிகள் காத்திருங்கள். ஓடும் டிஸ்க்கை மேசையில் நகர்த்தவோ நிமிர்த்தவோ கூடாது. படிக்கும் ஹெட் தட்டிலிருந்து மயிரிழைக்கும் குறைவான உயரத்தில்தான் மிதக்கிறது.

'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் திடீரென்று கேட்டால் சம்மதம் கொடுக்காதீர்கள். வேறு கேபிள், வேறு கணினியில் முயலுங்கள். சி5 எண் ஏறத் தொடங்கிய டிஸ்க்கில் விண்டோஸின் பழுது சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிடவும் வேண்டாம்; பழுதான இடங்களை அது மறுபடி மறுபடி துருவும். முதலில் இரண்டாவது பிரதி முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை மட்டும், முக்கியமானவற்றிலிருந்து தொடங்கிக் காப்பி எடுங்கள். பிறகு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.