'நல்ல ஐ.டி. ஃபேமிலி கிடைக்கும் சார்': வாடகைக்காக வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

சென்னையை ஒட்டிய பழைய மாமல்லபுரம் சாலையிலோ ஒரகடத்திலோ வாடகை வருமானத்துக்காக வீடு வாங்குகிறவர்கள் சதுர அடி விலை, பட்டா, மெட்ரோ எப்போது வரும் என்பதையெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். யார் குடிவரப்போகிறார்கள் என்பதை மட்டும் தரகரிடம் விட்டுவிடுகிறார்கள். அவரிடம் எந்தத் தெருவுக்கும் ஒரே பதில்தான். அது இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்குவது, தங்களுக்குப் பிடித்த வீட்டை வாங்குவதில்தான். கிழக்குப் பார்த்த வாசல், மூன்று படுக்கையறை, தனிப் பூஜையறை. நாவலூர், சிறுசேரிப் பக்கம் வாடகை வீடு தேடி அலைகிறவர்களில், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆன மணமாகாத இளைஞர்கள் ஏராளம். நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் பூஜையறை பெட்டி அடுக்கத்தான் உதவும். அவர்கள் குளியலறை எத்தனை, பைக் எங்கே நிறுத்துவது, தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் என்றால் மறுபேச்சில்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த நிலையில் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று அட்டை தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஓர் உதாரணக் கணக்கு: வீட்டின் விலை 70 லட்சம், மாத வாடகை 20,000 ரூபாய். ஆண்டு முழுக்க ஆள் இருந்தால் 2.4 லட்சம், அதாவது சுமார் 3.4 சதவீதம். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய் கையிலிருந்து போனால் மிஞ்சுவது 1.64 லட்சம். 2.3 சதவீதம்தான். வரி, வெள்ளையடிப்பு எல்லாம் இதற்குப் பிறகு. சைவம் மட்டும், இன்னார் வேண்டாம் என்று நிபந்தனை கூடக்கூட வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களும் கூடும். அதில் உள்ள அநியாயம் போகட்டும், வியாபாரமாகப் பார்த்தாலும் அது நஷ்டம்.

மக்கள்தொகைக் கணக்கை நம்பி இறங்குவதும் ஆபத்து. 2011 கணக்கெடுப்பின்போது கிராமமாக இருந்த பல இடங்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. வாக்காளர் பட்டியலும் முழுப் படம் தராது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில்தான் இருக்கிறது. அதைவிடக் காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் நின்று பாருங்கள். வருவது பள்ளி வேனா, கம்பெனி பஸ்ஸா? மளிகைக் கடையில் அரிசி மூட்டையாகப் போகிறதா, அரைக் கிலோ பொட்டலமாகவா? இரவு ஒன்பது மணிக்கு எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது?

தொழிற்பேட்டை ஊர்களில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஒரே ஆலையின் ஆட்களை நம்பி வீடு கட்டுவது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022இல் நிறுத்தியது. ஆலை நன்றாக ஓடினாலும் குடித்தனம் வரும் என்று உறுதியில்லை. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் அளவு பெரியது. அப்பகுதியில் பெண்களுக்கு விடுதி நடத்தலாம் என்று நினைத்தவர்கள் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். பொறியாளர்கள், இயந்திரம் பொருத்த வரும் வெளிநாட்டவர்கள் என்று வேறு ஆட்களும் அங்கே வீடு தேடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய வீடு வேறு மாதிரி.

மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் போன்ற பழைய பகுதிகளில் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியை, விலை மலிவு என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே தேடி வருகிறவர்களில் பலர் முதியவர்கள், அல்லது முதியவர்களுடன் வசிப்பவர்கள்.

குடும்பங்களை நம்பித்தான் வாங்குகிறீர்கள் என்றால் பள்ளிக் காலண்டரையும் பாருங்கள். ஏப்ரலிலேயே வீட்டைத் தயார்செய்து டூலெட் அட்டை மாட்டிவிட வேண்டும். ஜூனில் பள்ளி திறந்துவிட்டால், குழந்தைகளை வைத்திருப்பவர்கள் கூடியவரை அடுத்த கோடை விடுமுறை வரை வீடு மாற மாட்டார்கள்.