வார்டு செய்திமடல் தயாரிப்பது எப்படி? கவுன்சிலர்களுக்கும் அவர்களுக்கு உதவுவோருக்கும் ஒரு செய்முறை

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வாகத்தைக் கவனித்தார்கள். அந்த ஆண்டுகளில் வாக்குரிமை பெற்ற இளைஞர்களுக்கு, தங்கள் வார்டுக்கென்று ஒரு கவுன்சிலர் உண்டு என்பதே 2022-க்குப் பிறகு தெரியவந்த செய்தி. அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்பது இன்றும் பலருக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை வெளிவரும் இரண்டு பக்கச் செய்திமடல் இந்த இடைவெளியை அடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்யக் கணினி நிபுணர் யாரும் தேவையில்லை.

கவுன்சிலர் மாலை போடுவது, பொன்னாடை வாங்குவது, ரிப்பன் வெட்டுவது ஆகியவை செய்திமடலுக்கான செய்திகள் அல்ல. எந்தத் தெருவில், எந்த வேலை, எந்தக் கட்டத்தில் இருக்கிறது. அதனால் அந்தத் தெருக்காரர் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வரியை மட்டும் அச்சேற்றுங்கள்.

முதல் படி: வார்டின் எல்லையையும் தெருக்களையும் எழுதி வையுங்கள்

சென்னை மாநகராட்சி 2011-இல் விரிவுபடுத்தப்பட்டபோது 155 வார்டுகள் 200 ஆயின. பிற ஊர்களிலும் வார்டு மறுவரையறை நடந்திருக்கிறது. ஒரே தெருவின் வலப்பக்கம் ஒரு வார்டிலும் இடப்பக்கம் இன்னொரு வார்டிலும் இருப்பது சகஜம். வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லைத் தெருக்களில் ஒரு முறை நடந்துவிட்டு வாருங்கள். பிறகு எல்லாத் தெருக்களின் பெயரையும் அகரவரிசையில் ஒரு நோட்டிலோ கணினி அட்டவணையிலோ எழுதுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் எதிரே நடக்கும் வேலை, பொறுப்பான துறை, தற்போதைய கட்டம், கடைசியாக விசாரித்த தேதி என்று நான்கு கட்டங்கள் போதும். செய்திமடல் முழுவதும் இந்த அட்டவணையிலிருந்துதான் பிறக்கப் போகிறது.

இரண்டாம் படி: செய்தியைச் சேகரியுங்கள்

முதல் ஊற்று மன்றக் கூட்டம். மாநகராட்சியில் மாமன்றம், நகராட்சியில் நகர்மன்றம், பேரூராட்சியில் பேரூராட்சி மன்றம். கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்குப் பொருள் நிரல், அதாவது அன்று விவாதிக்கப்போகும் விஷயங்களின் பட்டியல், வரும். அதைக் கையில் எடுத்ததும் உங்கள் வார்டு எண் எங்கெல்லாம் வருகிறது என்று பென்சிலால் கோடிடுங்கள். வார்டு எண் இல்லாத பொருள்களையும் விட்டுவிடாதீர்கள். சொத்து வரி, குப்பை சேகரிப்பு ஒப்பந்தம், வாகன நிறுத்தக் கட்டணம் போன்றவை ஊர் முழுவதற்கும் பொதுவாக வரும். உங்கள் மக்களையும் அவை தொடும்.

இரண்டாவது, வார்டின் உதவிப் பொறியாளர். வாரம் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அவரைச் சந்தித்து அட்டவணையை வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நினைத்தபோதெல்லாம் தொலைபேசியில் கேட்டால் அரைகுறைத் தகவல்தான் கிடைக்கும்.

மூன்றாவது, பகுதி சபைக் கூட்டங்கள். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் இந்த ஏற்பாடு, 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் நடைமுறைக்கு வந்தது. கிராம சபைக்கு இருக்கும் மவுசு இதற்கு இன்னும் வரவில்லை. கூட்டம் நடக்கும் செய்தியே பலரை எட்டுவதில்லை என்பதுதான் வருத்தம். கூட்டத் தேதியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். கூட்டம் முடிந்த பிறகு, அங்கே கேட்கப்பட்ட கோரிக்கைகளை ஒன்றுகூட விடாமல் அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

மூன்றாம் படி: துறையைச் சரியாகப் பிரியுங்கள்

வார்டு மக்களின் கோபத்தில் பாதி தவறான கதவைத் தட்டுவதால் வருகிறது. சென்னையில் மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருவில் தேங்கி நிற்பது மழைநீரா, பொங்கி வந்த கழிவுநீரா என்பதைப் பொறுத்துப் புகார் போக வேண்டிய இடம் மாறுகிறது. மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 1916. மின்தடைக்கு மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. முதலமைச்சரின் உதவி மையம் 1100. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். உங்கள் வார்டில் அவை எவை என்று பெயரோடு எழுதுங்கள். மற்ற ஊர்களில் குடிநீரும் பாதாள சாக்கடையும் பெரும்பாலும் உள்ளாட்சியின் கையிலேயே இருக்கும் என்பதால், உங்கள் ஊர் நிலவரத்தை விசாரித்து இந்தப் பட்டியலைத் திருத்திக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலை ஒரு பெட்டிக்குள் போடுங்கள்; அது ஒவ்வோர் இதழிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அவசரத்தில் தேடும் கை அங்கேதான் போகும்.

நான்காம் படி: தீர்மானத்தை மனிதர் பேசும் தமிழுக்கு மாற்றுங்கள்

வேலையின் உயிர்நாடி இதுதான்; இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பொருள் நிரலில் ஒரு பத்தி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

“மேற்படி வார்டுக்குட்பட்ட உட்புறச் சாலைகளை மறுசீரமைக்கும் பணிக்குத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டிற்கு நிர்வாக அனுமதி வழங்கும் பொருள், மன்றத்தின் பார்வைக்கும் ஒப்புதலுக்கும் வைக்கப்படுகிறது.”

மன்றம் ஒப்புதல் தந்ததும், பலர் இதைச் “சாலைப் பணி விரைவில் தொடக்கம்” என்று தலைப்பிட்டு அனுப்பிவிடுவார்கள். படித்தவர் மறுவாரமே தார் வண்டியை எதிர்பார்ப்பார். மூன்று மாதம் கழித்தும் வண்டி வராதபோது கவுன்சிலர் பொய் சொன்னதாகவே நினைப்பார். நடந்தது என்னவோ நிர்வாக அனுமதி மட்டும்தான். அதற்குப் பிறகு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) கோர வேண்டும், அவற்றைத் திறந்து ஒப்பந்ததாரரை முடிவு செய்ய வேண்டும், பணி ஆணை தர வேண்டும். அதன்பின்தான் வேலை. ஆகவே இப்படி எழுதுங்கள்:

“வேப்பமரத் தெரு, பள்ளிக்கூடத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு ஆகியவற்றுக்குப் புதிய சாலை போட மன்றம் இந்த மாதம் அனுமதி அளித்தது. வேலை இன்னும் தொடங்கவில்லை. அடுத்த கட்டம் ஒப்பந்தப்புள்ளி. பணி ஆணை கிடைத்ததும் தேதியை அறிவிப்போம். இந்த மூன்று தெருக்களில் குடிநீர், கழிவுநீர் இணைப்புக்குக் காத்திருப்பவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள்; புதிய சாலையை உடனே வெட்டினால் சாலைதான் பாழாகும். வேலை நடக்கும்போது பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போடப்பட வேண்டும். அப்படிச் செய்யவில்லை என்றால் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள்.”

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் சாலை உயர்ந்து, வாசற்படி தாழ்ந்து, ஐப்பசி மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். இதைத் தெரிந்துகொண்ட தெருக்காரர், சம்பளம் வாங்காத மேற்பார்வையாளர் ஆகிவிடுவார். தகவலைக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லா வேலைகளுக்கும் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, பணி நடக்கிறது, முடிந்தது என்ற ஆறு சொற்களையே பயன்படுத்துங்கள். அவற்றின் பொருளை முதல் இதழில் ஒரு முறை விளக்கிவிட்டால், வாசகர் அடுத்த இதழிலிருந்து தாமாகவே படித்துக்கொள்வார். “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்ற தொடருக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அது எந்தக் கட்டத்தையும் குறிக்காது.

ஐந்தாம் படி: நடக்காததையும் எழுதுங்கள்

“நிலுவையில்” என்று ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். சென்ற இதழில் சொன்ன வேலை நகரவில்லை என்றால், காரணத்தோடு அங்கே போடுங்கள். ஒப்பந்தப்புள்ளிக்கு யாரும் வரவில்லை, மின்வாரியம் கேபிளை இன்னும் மாற்றவில்லை, இடம் தொடர்பாக வழக்கு இருக்கிறது என்று நேராகச் சொல்லலாம். இந்தப் பகுதி வேண்டாம், எதிர்க்கட்சிக்காரர் எடுத்துப் பேசுவார் என்று கவுன்சிலரைச் சுற்றியிருப்பவர்கள் தயங்குவார்கள். பள்ளத்தைத் தாண்டித்தான் அந்தத் தெருக்காரர் தினமும் வேலைக்குப் போகிறார். அவருக்குத் தெரியாத ரகசியம் எதுவும் இதில் இல்லை. காரணம் மட்டும்தான் அவருக்குப் புதிது.

காரணமே கிடைக்கவில்லையா? கவுன்சிலர் மன்றத்தில் கேள்வியாக எழுப்பலாம். குடியிருப்போர் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அதன் சாரத்தை இதே பகுதியில் வெளியிடுங்கள்.

ஆறாம் படி: பக்கத்தை அமையுங்கள்

ஏ4 தாளில் முன்னும் பின்னும் இரண்டே பக்கம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். முன்பக்கத்தில் இந்த மாதம் தவறவிடக் கூடாத தேதிகளும் தெருவாரியான பணி நிலவரமும். பின்பக்கத்தில் மன்றத் தீர்மானங்கள், நிலுவை, தொலைபேசி எண்கள். தேதிகளில் பணம் மிச்சமாகும் தகவலுக்கு முதலிடம் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, சென்னையில் அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் செலுத்திவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. மார்ச் இதழிலும் செப்டம்பர் இதழிலும் இது வர வேண்டும். ஏப்ரல் கடைசியில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

புகைப்படம் என்றால் வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு படங்கள் போதும். கவுன்சிலரின் முகம் மேலே சின்னதாக ஒரு முறை வந்தால் நல்லது. வார்டில் பலருக்கு அவரை அடையாளம் தெரியாது.

புகார் கொடுத்தவரின் பெயர், வீட்டு எண், கைபேசி எண் எதையும் அச்சிடாதீர்கள். “இரண்டாவது குறுக்குத் தெருவிலிருந்து வந்த புகார்” என்று சொன்னாலே போதும். நலத்திட்டப் பயனாளிகளின் படங்களுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.

ஏழாம் படி: கொண்டுபோய்ச் சேருங்கள்

வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் கோப்பாக அனுப்புவது எளிது. ஆனால் சிறிய திரையில் அதைப் பெரிதாக்கிப் படிக்க முதியவர்கள் சிரமப்படுவார்கள். முக்கியமான நான்கைந்து வரிகளைச் செய்தியாகவே தட்டச்சு செய்து, கோப்பை அதன் கீழே இணையுங்கள். குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிட்டால், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே செய்தி காணாமல் போகாது. புகார்களுக்குத் தனி எண் கொடுங்கள். அச்சுப் பிரதிகளை ரேஷன் கடை, அங்கன்வாடி, அம்மா உணவகம், நூலகம், தேநீர்க் கடை, குடியிருப்பு அறிவிப்புப் பலகை ஆகிய இடங்களில் அனுமதி பெற்று ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்றைக் கவுன்சிலரே பேசி அனுப்பினால், அது மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பேரை எட்டும்.

அனுப்புவதற்கு முன் அட்டவணையோடு ஒவ்வொரு தெருப் பெயரையும் தேதியையும் ஒப்பிடுங்கள். வேலையைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள். பிழை வந்துவிட்டால் அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுங்கள்.

தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிமுறைகள் அமலுக்கு வந்ததும், உள்ளாட்சிப் பணத்திலோ அலுவலகத்திலோ தயாராகும் இதழை நிறுத்திவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அந்தக் காலத்திலும் தெரு அட்டவணையை மட்டும் வாராவாரம் நிரப்பி வாருங்கள். மீண்டும் தொடங்கும்போது முதல் இதழுக்கான செய்தி அதில் தயாராக இருக்கும்.