மரிலியனின் இரண்டாவது ஆல்பத்தை எப்படிக் கேட்பது

நியோ புரோக் (எண்பதுகளில் புதுப்பிறவி எடுத்த புரோக்ரெசிவ் ராக்) பக்கம் புதிதாக வருகிறவர்கள், பிரிட்டிஷ் ராக் பேண்டான மரிலியனின் ‘ஃபுகாஸி’யை (1984) மட்டும் தனியாகக் கேட்க வேண்டாம். முதல் ஆல்பமான ‘ஸ்கிரிப்ட் ஃபார் எ ஜெஸ்டர்ஸ் டியர்’ (1983) முடிந்த கையோடு இதைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஒன்றரை மணி நேரம் சொச்சம்தான், நாகர்கோவிலில் ரயில் ஏறினால் திருவனந்தபுரத்தில் இறங்குவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். பஸ் சரிப்படாது. மார்த்தாண்டம் நெரிசலில் அடிக்கிற ஹாரனுக்கு பேஸ் கிட்டார் காதிலேயே விழாது.

முதல் தடவை டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். முதல் ஆல்பத்துக்குப் பிறகு டிரம்மர் மிக் பாயின்டரை அனுப்பிவிட்டார்கள், நடுவில் சிலரை வைத்துப் பார்த்துக் கடைசியில் இயன் மோஸ்லி வந்து சேர்ந்தார். தயாரிப்பாளர் இரண்டுக்கும் நிக் டாபர்தான், அதனால் நீங்கள் கேட்கிற வித்தியாசத்தில் பெரும்பங்கு வாசிக்கிறவர்களுடையது. நம்மூர் சர்ச் கொயரில் வாசிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், டிரம்ஸில் ஆள் மாறினால் கீபோர்டுக்காரர் கையும் தானாக மாறும். ‘ஃபுகாஸி’யில் ‘அசாசிங்’ பாட்டின் தொடக்கத்தில் ஒரு கீழைநாட்டுச் சாயல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்புறம் டிரம்ஸும் பீட் டிரெவாவஸின் பேஸும் ஒன்றாக இறங்கும் பாருங்கள், அந்த முறுக்கு முதல் ஆல்பத்தில் கிடையாது.

அடுத்த தடவை ‘ஜிக்சா’. கீபோர்டு மட்டும் மெல்லப் போகிற சரணம், பிறகு மொத்த பேண்டும் எழும்புகிற பல்லவி. எங்கே அடக்கி வாசிப்பது என்று இவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது இதில்தான் தெரிகிறது.

‘எமரால்ட் லைஸ்’, ‘ஷீ கமீலியன்’ இரண்டும் எனக்கு இழுவைதான். முதல் ஆல்பப் பாட்டுகள் ஏற்கெனவே மேடையில் வாசித்துப் பழுத்தவை, அந்தப் பக்குவம் இங்கே எல்லாப் பாட்டுக்கும் வாய்க்கவில்லை. அவசரமென்றால் தாண்டிவிட்டு ‘இன்குபஸ்’ போங்கள், கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ராதரி சோலோவில் விரலை ஓட்டிக் காட்டாமல் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிறுத்தி நிறுத்திப் பாடவிடுவார், அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

ஒலி கொஞ்சம் நெரிசலாகத்தான் இருக்கும். 2021இல் புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பு வந்திருக்கிறது, ஆனால் பழைய மிக்ஸ் காதுக்குப் பழகின பிறகு அதற்குப் போங்கள்.