டயர் சைடுல பள்ளமா, வீக்கமா?

டயர் சைடுல ஏதாச்சும் தெரிஞ்சா மொதல்ல விரலால தடவிப் பாருங்க, உள்வாங்குன மாதிரி நேரா ஒரு கோடு இருந்தா பெரும்பாலும் பயப்பட வேணாம், ரேடியல் டயர்ல ரப்பருக்குள்ள இருக்குற நூல் படலம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி சேர்ற எடம் அது. ஆனா கொப்புளமாட்டம் வெளிய வீங்கியிருந்தா கதையே வேற. குழியில வேகமா எறங்கி உள்ள நூல் அறுந்துபோச்சு, இப்ப காத்தைத் தாங்குறது வெறும் ரப்பர்தான், எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது. சின்னதா தானே இருக்குனு அதோட தொப்பூர் கணவாய்ல லாரிங்களுக்கு நடுவுல எறங்காதீங்க, அங்கயே ஸ்டெப்னி மாட்டிட்டு மெதுவா கடைக்குப் போங்க.

வெட்டு இருந்தா லேசா விரிச்சுப் பாருங்க. நூல் தெரிஞ்சா டயர் முடிஞ்சது. மேல்ரப்பர் மட்டும் சிராய்ச்சிருந்தா ஓட்டலாம். சைடுல பஞ்சர் ஒட்டித் தர்றேன்னு யாராச்சும் சொன்னா (சொல்வாங்க!) ஒத்துக்காதீங்க, ஓடும்போது அந்த எடம் மடங்கி மடங்கி நிமிரும், ஒட்டு நிக்காது.

பொடிப்பொடியா வெடிப்பு இருந்தா டயருக்கு எவ்ளோ வயசாச்சுன்னு தெரிஞ்சுக்க, சைடுல DOT (டாட்)னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையில கடைசி 4 நம்பரைப் பாருங்க, 2318னா 2018ல 23வது வாரம் செஞ்சது. கிருஷ்ணகிரி வெயில்ல வெளியவே நிக்கிற வண்டின்னா வெடிப்பு சீக்கிரமே வரும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சு முன் டயரோட உள்பக்கத்தையும் பாத்துடுங்க, அங்கதான் யாரும் பாக்கறதில்ல.